கோயிலுக்கு எழுதி வைப்பது: உயிலா, தானப் பத்திரமா, நிதியா?

என் பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்து, பிறகு மிஷன் பள்ளியிலேயே 33 வருஷம் வேலை பார்த்தவர். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து மதியச் சாப்பாடும் ஆன பிறகு, பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே வீட்டின் மூலப்பத்திரம், பட்டா நகல், ரப்பர் பேண்ட் போட்ட வீட்டு வரி ரசீதுகள், வங்கி டெபாசிட் பத்திரங்கள் மூன்று.

"வீட்டைக் கோயிலுக்கு எழுதி வச்சிரலாம்னு இருக்கேன். எப்படி எழுதணும்னு விசாரிச்சுச் சொல்லுய்யா" என்றார்.

எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்லுவோம். கேட்டபோது எனக்கு இது ஒரு நாள் வேலையாகத் தெரிந்தது. ஒரு வழக்கறிஞர், ஒரு பத்திர எழுத்தர், திருமண்டல (பல சபைகள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) நிதி விவகாரம் தெரிந்த ஒரு பெரியவர் என்று ஆள் ஆளாகப் பார்த்து முடிக்க நான்கு மாதம் ஆனது. எங்கள் சபையிலேயே இதே கேள்வியோடு இருக்கிற பெரியவர்கள் பலர் என்பதால், விசாரித்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டை அப்படியே கோயில் பெயருக்கு எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

ஒன்றுமே எழுதாமல் போனால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குவோம். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி கணவனை இழந்த மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மனைவி இறந்து கணவர் இருந்தாலும் இதே கணக்கு. பெரியம்மா மாதிரி துணையும் பிள்ளையும் இல்லாமல், பெற்றோரும் காலமாகிவிட்டால், கூடப் பிறந்தவர்களுக்குச் சமமாகப் போகும். அவர்களில் யாராவது இறந்திருந்தால் அந்தப் பங்கு அவர்கள் பிள்ளைகளுக்கு. பெரியம்மாவுக்கு என் அம்மாவும் ஒரு தம்பியும் உண்டு. ஆக, உயில் இல்லாவிட்டால் பாதி எங்கள் வீட்டுக்கு, பாதி மாமா வீட்டுக்கு. வாழ்நாள் முழுக்கத் தசமபாகம் கொடுத்திருந்தாலும், கோயிலுக்கு என்று வாயால் நூறு பேரிடம் சொல்லியிருந்தாலும், எழுத்தில் இல்லாவிட்டால் சபைக்கு ஒரு பைசா வராது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. வெளிநாட்டுச் சபைகள் "மரபுக் கொடை" பற்றிப் போடும் துண்டறிக்கைகளில் வரிச் சலுகைதான் பெரிதாக இருக்கும். அங்கே பல நாடுகளில் இறந்தவர் சொத்துக்கு வரி உண்டு, அறக்கொடைக்கு அதில் விலக்கும் உண்டு. இந்தியாவில் எஸ்டேட் வரி 1985-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. கொடுக்க மனம் இருக்கிறதா, கொடுத்தது போய்ச் சேருமா, இந்த இரண்டும்தான் நமக்குக் கேள்வி.

சரி, முதலில் உயில். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதலாம். எழுதுபவர் இரண்டு சாட்சிகளுக்குத் தெரியக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் எழுதுபவர் முன்னிலையில் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால், பிற்பாடு "இது அத்தை கையெழுத்தே இல்லை" என்று யாரும் எளிதில் கிளம்ப முடியாது. யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள், உறையில் வைத்து முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் பதிவுச் சட்டத்தில் இடம் உண்டு. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். உயிரோடு இருக்கும் வரை சொத்து முழுக்க உங்கள் கையில் இருக்கும். நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் விற்றுக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு இதைவிட முக்கியமான வசதி வேறு என்ன இருக்கிறது?

கிறிஸ்தவர்களுக்கு உயிலில் கட்டாயப் பங்கு என்று யாருக்கும் கிடையாது. சட்டப்படி முழுச் சொத்தையும் சபைக்கே எழுதலாம். ஆனால் இந்த உரிமை நமக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அதே 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 118-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கூடப் பிறந்தவரின் பிள்ளையோ அதைவிட நெருங்கிய உறவோ உள்ள ஒருவர், மத காரியத்துக்கோ தர்ம காரியத்துக்கோ உயில் எழுதினால், இறப்பதற்குக் குறைந்தது 12 மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதிய 6 மாதத்துக்குள் சட்டம் சொல்லும் இடத்தில் ஒப்படைத்தும் இருக்க வேண்டும். எழுதிப் பதினொரு மாதத்தில் இறந்துவிட்டால் கோயிலுக்கு எழுதியது செல்லாது. கேரளத்தைச் சேர்ந்த ஜான் வள்ளமட்டம் என்ற பாதிரியார் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2003 ஜூலையில் நீதிமன்றம், இது சமத்துவத்துக்கு விரோதம் என்று அந்தப் பிரிவையே அடித்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெரியம்மா இதே ஆசையை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால், தங்கை மகனாக என்னைப் போல ஒருவன் இருப்பதே அவருக்குத் தடையாக இருந்திருக்கும். இன்றும் சில பழைய பத்திர எழுத்தர்கள் அந்த 12 மாதக் கணக்கைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அது இப்போது இல்லை. அதேபோல, உயிலை நிறைவேற்ற நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற சான்று, வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமும் 2002 திருத்தத்தோடு இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு நீங்கிவிட்டது.

உயிலில் நம்மவர்கள் அதிகம் தவறுவது சாட்சி விஷயத்தில். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஐயரிடமே (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம்) "நீங்களே ஒரு கையெழுத்துப் போடுங்க ஐயா" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்த ஐயருக்கோ அவர் மனைவிக்கோ தனிப்பட்ட முறையில் ஏதாவது எழுதியிருந்தால், அந்தக் கொடை மட்டும் சட்டப்படி செல்லாமல் போகும். வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. சபைக்கு எழுதியதை அது நேரடியாகப் பாதிக்காது. ஆனாலும் குருவானவரோ கமிட்டி ஆட்களோ சாட்சி போட்ட உயிலை, நெருக்கிப் பிடித்து எழுதி வாங்கினார்கள் என்று உறவினர் கோர்ட்டில் சொல்வது சுலபம். படுக்கையில் விழுந்த பிறகு, சுற்றிச் சபையார் நிற்க எழுதும் உயில் இன்னும் மோசம். நடமாட்டமும் தெளிவும் இருக்கும்போது, குடும்ப டாக்டரையும் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஊழியரையும் சாட்சியாக வைத்து எழுதுங்கள். மறுமணம் செய்துகொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கல்யாணம் ஆனதும் பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும்.

எழுதுவது யார் பெயருக்கு என்பதில்தான் இன்னும் பெரிய சிக்கல். "எங்கள் ஊர்க் கோயிலுக்கு" என்று எழுதுவார்கள். ஊர்க் கோயில் என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு ஆள் இல்லை. சி.எஸ்.ஐ. சபைகளின் சொத்து பெரும்பாலும் 1947-இல் கம்பெனிச் சட்டப்படி தொடங்கிய சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். சில திருமண்டலங்களுக்குத் தனி டிரஸ்ட் அசோசியேஷன் உண்டு. எங்கள் நெல்லைப் பக்கம் டி.டி.டி.ஏ. என்று பள்ளிக்கூடப் பலகைகளில் பார்ப்பது அதைத்தான். கத்தோலிக்கப் பங்கு என்றால் மறைமாவட்டத்தை விசாரிக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில், பக்திக் காரியங்களுக்காக விசுவாசிகள் எழுதிய விருப்பத்தைக் கண்டிப்பாக நிறைவேற்ற வேண்டும் என்றும், அதை மேற்பார்க்கும் பொறுப்பு ஆயருக்கு என்றும் தெளிவாகவே இருக்கிறது. சுயாதீன சபைகளில் சொத்து ஒரு டிரஸ்ட்டின் பெயரில் இருக்கும், அல்லது சங்கப் பதிவில் இருக்கும், சில இடங்களில் போதகரின் சொந்தப் பெயரிலேயே இருக்கும். டிரஸ்ட் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். அறங்காவலர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா, கணக்கு தணிக்கையாகிறதா, சபை கலைந்தால் சொத்து எங்கே போகும் என்று எழுதியிருக்கிறதா? இந்த மூன்றையும் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. நல்ல போதகர் சந்தோஷமாகவே காட்டுவார்.

அடுத்து தானப் பத்திரம், அல்லது தான செட்டில்மென்ட். இதில் சொத்து இன்றைக்கே கை மாறும். கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்பதுதான் இதன் அழகு. ஊரில் ஒரு தாத்தா தன் தோப்பில் பத்து சென்ட் இடத்தைத் தானமாக எழுதி, அங்கே ஞாயிறு பள்ளிக் கட்டடம் எழும்புவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மகனுக்கோ மகளுக்கோ எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை குறைவு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. குடும்பத்துக்கு வெளியே எழுதினால் சந்தை மதிப்பில் 7 சதவீதம். வழிகாட்டி மதிப்பு 40 லட்சம் உள்ள வீட்டுக்கு அது மட்டுமே 2 லட்சத்து 80 ஆயிரம். பதிவுக் கட்டணம் தனி. உயிலில் இந்தச் செலவே இல்லை. தவிர, தானம் செல்ல வேண்டுமென்றால் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றுக் கையெழுத்துப் போடும் அதிகாரம் சேகர குருவுக்கு (சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் குருவானவர்) இருக்கிறதா, திருமண்டலம் யாருக்காவது அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, ஒரு முறை கொடுத்தால் கொடுத்ததுதான். மனசு மாறியது என்று திரும்ப வாங்க முடியாது.

"வீட்டை எழுதிக் கொடுத்துட்டு, நான் இருக்கிற வரைக்கும் அதுலேயே இருந்துக்கலாம்லா?" என்று பெரியம்மா கேட்டார். முடியும். ஜீவிய காலம் வரை குடியிருக்கும் உரிமையைத் தனக்கே வைத்துக்கொண்டு, சொத்துரிமையை மட்டும் மாற்றி எழுதும் பத்திரங்கள் வழக்கத்தில் இருப்பவைதான். ஆனால் அப்படி எழுதிய பிறகு வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. 76 வயதில், பென்ஷன் மட்டும் வருமானமாக இருக்கிற ஒருவருக்கு, கடைசிக் கையிருப்பு அந்த வீடு. இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் என்ன செய்வது? அதை நினைத்து நான் வேண்டாம் என்றேன். இதே காரணத்துக்காக, சொந்தமாக ஒரே வீடு மட்டும் வைத்திருக்கும் யாருக்கும் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். இரண்டாவது மனை, சும்மா கிடக்கும் வயல் என்றால் வேறு பேச்சு.

வீடாகவே கொடுப்பதில் இன்னொரு கவலையும் உண்டு. கோயிலுக்கு வந்த வீட்டை யார் பராமரிப்பது? வாடகைக்கு விட்டால் குடியிருப்பவர் காலி செய்ய மறுப்பார். பூட்டி வைத்தால் கறையான். பக்கத்து மனைக்காரர் சுவரை ஒரு அடி தள்ளிக் கட்டுவார். கமிட்டி மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாறும், கோப்பு ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு கோயிலுக்கு ஒரு அம்மையார் எழுதி வைத்த வீடு, பத்தொன்பது வருஷமாக வழக்கில் நிற்கிறது. முன்னால் இருந்த வேப்பமரம் கூரை மேல் சாய்ந்து ஓடு எல்லாம் போய்விட்டது. அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகள் படித்திருக்கலாம் என்று அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

அதனால்தான் நான் பெரியம்மாவிடம் வேறு மாதிரிச் சொன்னேன். வீட்டைக் கொடுக்க வேண்டாம். வீட்டை விற்று வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று உயிலில் எழுதுங்கள். விற்கும் பொறுப்பை எக்ஸிகியூட்டருக்குக் கொடுத்துவிடலாம். எக்ஸிகியூட்டர் என்றால் உயிலை நிறைவேற்றப் பெயர் குறித்து நியமிக்கப்படுபவர். உங்களைவிட இருபது வயதாவது இளையவராக, சபைப் பொறுப்பு எதிலும் இல்லாதவராக இருந்தால் நல்லது. அவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்று இரண்டாவது பெயரும் போட வேண்டும்.

சதவீதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "கோயிலுக்கு ஐந்து லட்சம்" என்று எழுதினால், இருபது வருஷத்தில் அந்த ஐந்து லட்சத்தின் மதிப்பு எங்கேயோ போயிருக்கும். இன்னொரு பக்கம், வைத்தியத்தில் எல்லாம் கரைந்து ஆறு லட்சம்தான் மிஞ்சினால், கோயிலுக்கு ஐந்து லட்சம் போய் உறவுகளுக்கு ஒரு லட்சம்தான் இருக்கும். கடன், வைத்தியம், அடக்கச் செலவு எல்லாம் போக மிஞ்சியதில் நூற்றுக்கு இத்தனை என்றால் இரண்டு ஆபத்தும் இல்லை.

நிதி வைப்பதும் ஒரு வழி. எங்கள் சபைகளில் இது பழக்கமானது. ஒரு தொகையை டெபாசிட் செய்து, அதன் வட்டியில் மட்டும் ஒரு காரியம் வருஷா வருஷம் நடக்க வேண்டும் என்று சொல்வது. பெற்றோர் நினைவு நாளில் ஏழைகளுக்கு அரிசி, பரீட்சையில் முதலாவது வரும் பிள்ளைக்குப் பரிசு, கத்தோலிக்கர் என்றால் ஆண்டுதோறும் ஒரு திருப்பலி. மனசுக்கு நிறைவான காரியம். ஆனால் முதலை மட்டும் காப்பாற்றி, வட்டியை முழுக்கச் செலவழிக்கும் நிதி மெதுவாகச் செத்துப்போகும். 1985-இல் வைத்த 10,000 ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால் வருஷம் ஆயிரம். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளையின் புத்தகமும் சீருடையும் அதில் அடங்கும். அதே 10,000-க்கு இன்று 7 சதவீதம் என்றால் 700 ரூபாய். ஒரு சோடி ஷூ வாங்கலாம். வட்டியில் மூன்றில் ஒரு பங்கையாவது முதலோடு சேர்க்க வேண்டும் என்று எழுதி வைக்காத நிதி, பேரப்பிள்ளைகள் காலத்தில் வெறும் பெயராகத்தான் இருக்கும்.

நோக்கத்தை எழுதுவதிலும் கவனம் வேண்டும். எங்கள் சொந்த ஊர்க் கோயிலில், பூட்டன் காலத்து உறவினர் ஒருவர் கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்க என்று ஒரு தொகை வைத்தார். கரண்ட் வந்தது. எண்ணெய் விளக்கு போனது. வேறு காரியத்துக்கு எடுக்கலாமா என்று ஒவ்வொரு கமிட்டியும் பேசிப் பேசி, தைரியம் வராமல் விட்டுவிட்டது. கணக்குப் புத்தகத்தில் அந்த வரி இன்றும் இருக்கிறது. முதல் நோக்கம், அது முடியாத காலத்தில் அடுத்த நோக்கம், அதுவும் முடியாவிட்டால் யார் தீர்மானிப்பது என்று மூன்று படியாக எழுதிவிட்டால் இந்தத் திண்டாட்டம் இல்லை.

சாரா டக்கர் கல்லூரியைப் பாளையங்கோட்டையில் தெரியாதவர் இல்லை. சாரா டக்கர் இந்தியாவுக்கே வராதவர். அவர் இறந்த பிறகு அவருடைய நினைவாகத் திரட்டிய பணத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியப் பயிற்சி தொடங்கி, 1895-இல் கல்லூரியாகவும் ஆனது. பெண் கல்வி என்று விரிவாக வைத்ததால்தான் அது காலத்தோடு வளர முடிந்தது என்று நினைக்கிறேன். அதற்கும் முன்னால், 1798-இல் தஞ்சாவூரில் இறந்த சுவார்ட்ஸ் ஐயரும், கல்யாணம் ஆகாதவர், சேர்த்து வைத்திருந்ததை மிஷனுக்கே எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். இதைச் சொன்னபோது பெரியம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

தனி டிரஸ்ட் தொடங்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படாது. டிரஸ்ட் பத்திரம், பான் எண், வருமான வரித் துறைப் பதிவு, ஆடிட்டர், வருஷா வருஷம் ரிட்டர்ன், இறந்துபோகும் அறங்காவலருக்குப் பதில் ஆள் என்று வேலை முடியவே முடியாது. கோடிக் கணக்கில் கொடுப்பவர்கள், அல்லது பல சபைகளுக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்குமாகப் பிரித்துக் கொடுக்க நினைப்பவர்கள் யோசிக்கலாம். பத்துப் பதினைந்து லட்சத்துக்கு டிரஸ்ட் தொடங்கினால் வட்டி ஆடிட்டருக்கே போய்விடும்.

நாமினி போடுவதை ஒரு வழியாகவே எண்ணாதீர்கள். வங்கியிலோ இன்சூரன்ஸிலோ ஐயர் பெயரையோ பொருளாளர் பெயரையோ நாமினியாகப் போட்டு, "அவர் கோயில்ல சேர்த்துருவார்" என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பொதுவாக நாமினி பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கு. 1983-இல் சர்பதி தேவி வழக்கில் இன்சூரன்ஸ் பணம் பற்றி உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. வாரிசுகள் கேட்டால் அந்த ஐயர் பதில் சொல்ல வேண்டி வரும். நல்ல மனிதர் ஒருவரை இப்படி இக்கட்டில் மாட்டிவிடுவது நியாயமா?

உயிரோடு இருக்கும்போதே பணமாகக் கொடுத்துவிடுவது எல்லாவற்றிலும் எளிது. வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டால் போதும். நன்கொடைக்கான 80ஜி வருமான வரி விலக்கு கிடைக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். வழிபாட்டுக்காக இயங்கும் சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்குப் பொதுவாக அது இல்லை. திருமண்டலம் நடத்தும் சமூக சேவை அமைப்பு தனியாக 80ஜி பதிவு வைத்திருந்தால் அதற்குக் கொடுப்பதற்கு உண்டு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. நிலமாகவோ நகையாகவோ கொடுத்தாலும் இல்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. "எல்லாம் உனக்குத்தான், அதுல பத்து லட்சத்தைக் கோயிலுக்குக் கொடுத்துரு" என்று அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மகனிடம் சொல்லிவிட்டுப் போகும் அப்பாக்கள் நிறைய. மகன் வெளிநாட்டுக் குடிமகன் ஆனதும், அவர் ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். அப்பாவே உயிலில் நேரடியாகச் சபைக்கு எழுதியிருந்தால் இந்தச் சுற்று வேலை எதுவும் இருந்திருக்காது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சொந்தச் சம்பாத்தியத்துக்கு இந்தத் தடை இல்லை.

எல்லாச் சட்டமும் படித்த பிறகும் எனக்கு மனதில் உறுத்தியது ஒன்று. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார். கோயிலுக்குக் கொடுப்பதாலேயே வீட்டாருக்குச் செய்ய வேண்டியது தீர்ந்துவிடாது. என் மாமா லாரி ஷெட்டில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர், பென்ஷன் கிடையாது. அவருக்குத் தெரியாமல் முழு வீடும் கோயிலுக்குப் போனால், அவருக்கு வரும் வருத்தம் அக்கா மேல் மட்டும் நிற்காது. கோயில் மேலும் போகும். வழக்குப் போட்டாலும் போடுவார். வீட்டில் பேசாமல் எழுதிய உயில்தான் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போகிறது என்று நான் பார்த்த வழக்கறிஞரும் சொன்னார். "மாமாகிட்ட நீங்களே பேசிருங்க பெரியம்மா" என்றேன். அவருக்கு அது உயில் எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்.

கடைசியில் முடிவானது இதுதான். மூன்று டெபாசிட்டில் ஒன்றை, இரண்டு லட்சத்தை, முதிர்ந்ததும் தான் படித்த போர்டிங்குக்கு உடனே கொடுத்துவிட்டார். கட்டில்களும் குடிநீர் இயந்திரமும் வாங்கினார்கள். போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். மீதி எல்லாம் உயிலில். வீடு அவர் காலம் வரை அவருடையது. அதன் பிறகு விற்று, செலவு போக மிஞ்சுவதில் நூற்றுக்கு 40 மாமாவுக்கு, 20 என் அம்மாவுக்கு, 40 சபைக்கு. சபைப் பங்கைப் பற்றிய பத்தி இப்படி இருக்கிறது:

"மேற்படி நூற்றுக்கு நாற்பது பங்கை மேற்சொன்ன டிரஸ்ட் அசோசியேஷன் பெற்று, என் தாயார் நினைவு நிதியாகத் தனிக் கணக்கில் வைத்து, அதன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை முதலோடு சேர்த்து, மீதியை எங்கள் சேகரத்துப் பெண் பிள்ளைகளின் விடுதிக் கட்டணத்துக்கும், அதற்கு அவசியமில்லாத காலத்தில் அதே சேகரத்துப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கும், அதுவும் கூடாத நிலையில் சேகரக் கமிட்டி எழுத்துமூலம் தீர்மானிக்கும் கல்விக் காரியத்துக்கும் செலவிட வேண்டியது."

டிரஸ்ட் அசோசியேஷனின் முழுப் பதிவுப் பெயரை அவர்கள் அலுவலகத்திலேயே எழுதி வாங்கிச் சேர்த்தோம். பதிவு நகல் ஒன்று அங்கே, ஒன்று எக்ஸிகியூட்டரிடம், மூலம் மஞ்சள் பையில்.

பதிவுக்கு முந்தின நாள் ராத்திரிதான் பெரியம்மா மாமாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்திருந்தார். பங்கு விவரத்தை எல்லாம் சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மாமா, "அது உன் சம்பாத்தியம்க்கா, நீ சரியாத்தான் செய்வ. எனக்கு அப்பாவோட ஆர்மோனியம் மட்டும் வேணும். அதை வீட்டோட சேர்த்து வித்துராதீங்க" என்றார். பரண் மேல் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும் அந்த ஆர்மோனியத்தை அவர் நினைத்துக்கொண்டிருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் மறுபடி அடித்து, ஆர்மோனியம் தம்பிக்கு என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் பெரியம்மா கையெழுத்துப் போட்டார்.